கிறிஸ்தவப் பல்கலை.யில் பி.ஜி. படிக்கலாமா? ராமேஸ்வரம் கரை மாணவர்கள் முன்பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வரவு நின்றுபோகும் இதே இரண்டு மாதங்களில்தான் இளநிலைத் தேர்வு முடிவுகளும், முதுநிலை விண்ணப்பங்களும், ‘இன்னைக்கே முன்பணம் கட்டினா சீட் உறுதி’ என்ற தொலைபேசி அழைப்புகளும் வருகின்றன. தடைக்கால நிவாரணமாக அரசு தருவது குடும்பத்துக்கு ரூ.8,000. முதுநிலைப் படிப்புக்கான முதல் தவணைக் கட்டணம் பல இடங்களில் இதைவிட அதிகம்.

இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், மாணவர்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. இளநிலைப் பட்டம் முடிந்ததும் அது நின்றுவிடும். ஆக, பி.ஜி. என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் குடும்பத்தின் கை உண்மையிலேயே காலியாக இருக்கிறது.

இந்தக் கரையின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்கள் புதியவை அல்ல. ராமேஸ்வரம் படகுக்காரரின் மகன் அப்துல் கலாம் படித்தது ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில். பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். இயற்பியல் தன் துறை அல்ல என்பது பட்டம் வாங்கிய பிறகே புரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்து சென்னை எம்.ஐ.டி.யில் சேர, அக்கா ஜோஹ்ரா தன் நகைகளை அடகு வைக்க வேண்டியிருந்தது. என்ன படிப்பு, எங்கே, என்ன செலவு என்று முன்கூட்டியே தெரியாதபோது விலை கொடுப்பது குடும்பம்தான். அது இன்றும் மாறவில்லை.

‘கிறிஸ்தவப் பல்கலை.’ என்றால் எது?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டப்படி மூன்று வகை இருக்கிறது. பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்பதை இந்த வகைதான் தீர்மானிக்கிறது.

முதல் வகை, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். யுஜிசி சட்டம் 1956-ன் 3-வது பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிப்பது. இது தன் பெயரிலேயே பட்டம் தரலாம். தமிழ்நாட்டில் இதற்கு எளிதில் நினைவுக்கு வரும் உதாரணம் கோவை சிறுவாணி சாலையில் உள்ள காருண்யா. 1986-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2004-ல் நிகர்நிலை அந்தஸ்து பெற்றது. எம்.டெக்., எம்.பி.ஏ., எம்.எஸ்சி., பிஎச்.டி. ஆகியவை இங்கே இருக்கின்றன. பெங்களூருவின் கிறைஸ்ட் பல்கலைக்கழகமும் இதே வகைதான். அதற்கு இந்த அந்தஸ்து கிடைத்தது 2008-ல்.

இரண்டாவது வகை, தன்னாட்சிக் கல்லூரி. மதுரை அமெரிக்கன் கல்லூரி (1881), லேடி டோக் கல்லூரி (1948), பாளையங்கோட்டை தூய சவேரியார் (1923), தூத்துக்குடி புனித மரியன்னை (1948), திருச்சி தூய வளனார் (1844) எல்லாம் இதில் அடங்கும். பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே நடத்தும். ஆனால் பட்டம் வழங்குவது தாய்ப் பல்கலைக்கழகம். மதுரைக் கல்லூரிகளுக்கு அது காமராஜர் பல்கலை.; தூத்துக்குடிக்கும் பாளைக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலை.; திருச்சிக்குப் பாரதிதாசன் பல்கலை. ‘காலேஜ்தானே, யுனிவர்சிட்டி இல்லையே’ என்று இவற்றைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. அரசுப் பல்கலை. பெயரில் வரும் பட்டம் இது.

மூன்றாவது வகை, இறையியல். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்றவை செராம்பூர் செனட்டுடன் இணைந்தவை. செராம்பூர் கல்லூரி 1818-ல் தொடங்கப்பட்டது. 1827-ல் டென்மார்க் மன்னரின் சாசனம் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. பி.டி., எம்.டிஎச். பட்டங்கள் திருச்சபைப் பணிக்கும் இறையியல் ஆசிரியர் பணிக்கும் வழி. அரசு வேலையை மனதில் வைத்து இதில் சேர நினைப்பவர்கள், குறிப்பிட்ட பணிக்கு இது இணையான பட்டமா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டு சேர்வது நல்லது.

வேறு மாநிலப் பல்கலை.யின் ‘மையம்’ நம்ம ஊரில் இருந்தால்?

உஷாராக வேண்டிய இடம் இது. ஒரு மாநிலச் சட்டத்தின் கீழ் உருவான தனியார் பல்கலைக்கழகம், வேறு மாநிலத்தில் மையம் திறந்து பட்டப்படிப்பு நடத்த முடியாது. சத்தீஸ்கர் தனியார் பல்கலைக்கழகங்கள் தொடர்பான யஷ்பால் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். எனவே வடகிழக்கிலோ வட இந்தியாவிலோ உள்ள பல்கலை. பெயரைச் சொல்லி, ‘வகுப்பு இங்கேயே, சனி ஞாயிறு மட்டும் வந்தா போதும்’ என்றால் சேராதீர்கள். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கு யுஜிசி தனியாக அனுமதி தருகிறது; அந்தப் பட்டியலில் அந்தப் பல்கலை.யும் அந்தப் படிப்பும் இரண்டுமே இருக்க வேண்டும்.

எம்.ஃபில். சேரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 2022 விதிமுறைகளோடு யுஜிசி அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டது. கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் பி.ஜி.யோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. தேவை.

கிறிஸ்தவர் அல்லாதவர் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-வது பிரிவு தருகிறது. தங்கள் சமூகத்துக்கு ஒரு பகுதி இடங்களை அவர்கள் ஒதுக்கலாம். மற்ற இடங்களில் எல்லா மதத்தினரும் சேர்கிறார்கள்.

‘ஜெபத்துக்குக் கட்டாயம் போகணுமா?’ என்பது பல பெற்றோர் தயங்கிக் கேட்கும் கேள்வி. 28(3) பிரிவு தெளிவாகவே இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது. மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பி.ஜி. மாணவர் மேஜர் என்பதால் முடிவு அவருடையது. விண்ணப்பத்திலும் விடுதி விதிகளிலும் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

இட ஒதுக்கீடு, உதவித்தொகை உண்டா?

அரசுக் கல்லூரியில் உள்ள 69% இட ஒதுக்கீட்டை இங்கே எதிர்பார்க்க முடியாது. அரசியலமைப்பின் 15(5) பிரிவே சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு தந்திருக்கிறது. பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது என்பதால் மட்டும் சீட் உறுதியாகாது.

உதவித்தொகை வேறு கணக்கு. பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் அரசின் உதவித்தொகை பெற ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம்.

ஆதிதிராவிடக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வருவார்கள். மதம் மாறியவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் ‘கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ மாணவர்களுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை மூலம் மாநில அரசு கல்வி உதவித்தொகை தருகிறது. ‘நமக்கு வராது’ என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிட வேண்டாம்.

பிஎச்.டி. வரை போக நினைப்பவர்களுக்கு ஒரு கதவு மூடிவிட்டது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. இப்போது நெட்-ஜே.ஆர்.எஃப். வாங்குவதுதான் முக்கிய வழி.

ஒரே கல்லூரி, இரண்டு கட்டணம்

தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு உலகங்கள் உண்டு. ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் ‘எய்டட்’ படிப்புகளில் கட்டணம் குறைவு. ‘எஸ்.எஃப்.’ எனப்படும் சுயநிதிப் படிப்புகளில் பல மடங்கு அதிகம். எம்.எஸ்சி. வேதியியல் எய்டட் பிரிவிலும், அதே கல்லூரியின் எம்.எஸ்சி. கணினி அறிவியல் எஸ்.எஃப். பிரிவிலும் இருக்கலாம். கல்லூரியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. ‘இந்தப் படிப்பு எய்டடா, எஸ்.எஃப்.-ஆ?’ என்று கேட்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலை.யில் கட்டணம் முழுக்க மாணவர் பொறுப்பு. விடுதியும் சேர்ந்தால் தொகை இன்னும் ஏறும்.

கல்விக் கடனில் ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. நவம்பர் 2024-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘பி.எம். வித்யாலட்சுமி’ திட்டத்தில், தரவரிசையில் மேலே உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையில்லாக் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டிச் சலுகையும் கிடைக்கும். கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே வங்கியில் கேளுங்கள்.

பணம் கட்டியாச்சு, வேறு இடம் கிடைச்சாச்சு. என்ன செய்வது?

கரையோரக் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான். கடன் வாங்கி முன்பணம் கட்டிய பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும். ‘கட்டினது கட்டினதுதான்’ என்பார்கள். யுஜிசியின் 2018 அறிவிப்பு அப்படிச் சொல்லவில்லை.

உதாரணமாக ரூ.50,000 கட்டியிருக்கிறீர்கள், அறிவிக்கப்பட்ட சேர்க்கை கடைசி நாள் ஜூலை 31 என்று வைத்துக்கொள்வோம்.

• ஜூலை 16-க்குள் விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவாக 5% வரை மட்டும், அதுவும் ரூ.5,000-க்கு மிகாமல் பிடிக்கலாம். கைக்கு வருவது குறைந்தது ரூ.47,500.
• அதற்குப் பின், ஜூலை 31-க்குள் என்றால் 90%, அதாவது ரூ.45,000.
• ஆகஸ்ட் 15 வரை 80%, ரூ.40,000.
• ஆகஸ்ட் 30 வரை 50%, ரூ.25,000.
• அதன் பிறகு கட்டணம் திரும்பாது.

சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளையும் அறிவிக்கிறது. இன்னொன்று, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தைத் தேதி போட்டு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நாள் கணக்குதான் இங்கே பணக் கணக்கு.

பக்கத்திலேயே என்ன இருக்கிறது?

வெளியூர் போவதற்கு முன் உள்ளூரையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்ப் பல்கலை.யான காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், தொண்டி வளாகத்தில் கடலியல், கடற்கரைப் பகுதி ஆய்வுகளுக்கென்றே துறை வைத்திருக்கிறது. மீன்வளம் என்றால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் தூத்துக்குடியில் அதன் கல்லூரியும் உள்ளன. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலை.யின் உயராய்வு மையம் இருக்கிறது. ஆய்வுக் களத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1947-ல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடக்க காலத்தில் இயங்கியது மண்டபத்தில்தான். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா எதிரிலேயே இருக்கிறது.

கிறிஸ்தவ நிறுவனங்களின் பலம் விடுதி, ஒழுங்கு, ஆங்கிலப் பயிற்சி, முன்னாள் மாணவர் தொடர்பு ஆகியவை. பெண் பிள்ளையை முதல்முறையாக வெளியூர் அனுப்பும் குடும்பத்துக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் அந்த நம்பிக்கையோடு நான்கு பதில்களும் கையில் இருக்க வேண்டும். பட்டத்தில் யார் பெயர் இருக்கும்? எய்டடா, எஸ்.எஃப்.-ஆ? விடுதியும் தேர்வுக் கட்டணமும் சேர்த்து இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் எவ்வளவு? சேர்க்கைக்குக் கடைசி நாள் எது? வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.