இட்ட இடத்தில் நின்றவர்

கால்பந்து ஆட்டத்தில் கால்பலம் ஒன்றே ஜயம் தரும் என்று எண்ணுவோர், 1962-ஆம் வருஷத்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைவுகூர்வார்களாக. நமது கோஷ்டி முதற் பந்தயத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. பின்னர் தாய்லாந்துடன் ஆடுகையில், தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்கின் மண்டை உடைந்து தையல் போடப்பட்டது.

பயிற்சியாளர் ஸையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி உபாத்தியாயராயிருந்தவர். காயமுற்ற ஜர்னெயிலை அவர் ஒதுக்கிவிடவில்லை, முன்னணியில் நிறுத்தினார். அவரும் தமக்குப் புகழ் தந்த இடத்தை விட்டு, இட்ட இடத்தில் நின்றார். அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4-ந் தேதி இறுதிப் பந்தயம். அரசியல் பூசலால் சினந்திருந்த ஜனத்திரள் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டது. எதிரே அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னெயில் ஒரு கோலும் அடிக்க, 2–1 என்று தங்கம் நமதாயிற்று. புற்றுநோயுற்றிருந்த ரஹீம் மறு வருஷமே காலமானார். அதன்பின் அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தங்கம் நமக்கு மீளவில்லை.

ஆளறிந்து இடம் தருவது தலைவன் கடமை. தந்த இடத்தில் நின்று உழைப்பது தொண்டன் கடமை. முன்னது தவறினால் கட்டுப்பாடு வெறும் அடிமைத்தனம். பின்னது தவறினால் கோஷ்டி வெறும் கூட்டம். ஆவூர்த் திடலில் பந்து உதைக்கும் சிறுவருக்கும், தேர்தலுக்கு ஆள் நிறுத்தும் கட்சியாருக்கும் பாடம் ஒன்றே.