கொடைக்கானல் போற வழியில் மூன்றே நிறுத்தம்!



நம்ம வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 55 கி.மீ. நிற்காமல் போனால் பாதிப் பேருக்கு வாந்தி, மீதிப் பேருக்குத் தூக்கம்! கண்ட இடத்தில் எல்லாம் நின்றால் ஏரியைப் பார்க்கும் முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதனால் மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் கால் மணி நேரம் என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

1. டம்டம் பாறை: எதிர் மலையில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிவது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வாங்க. உயரம் 297 மீட்டர்! மழைக்குப் பிறகு நன்றாகத் தெரியும். வளைவுகளில் கண்ணும் உள்காதும் மூளைக்கு வேறு வேறு சேதி சொல்வதால்தான் குமட்டுது. இறங்கி நின்று தூரத்தில் பார்த்தால் தெளியும்.

2. பெருமாள்மலை: பழனி ரோடு வந்து சேரும் இடம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஸ்வெட்டரை இங்கேயே போட்டுக்கோங்க.

3. வெள்ளி நீர்வீழ்ச்சி: ஊருக்கு 8 கி.மீ. முன்னால். 1863-ல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் இது! பாறை வழுக்கும், பார்ப்பதோடு சரி.

கவனம்! கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது. திரும்புகிற பஸ்ஸுக்கு ரோடு முழுசும் வேணும். குரங்குக்குத் தீனி போடாதீங்க. குப்பையை வண்டியிலேயே வைத்துக் கொண்டு வாங்க. தலையாறு அருவித் தண்ணீர்தான் மஞ்சளாறு அணைக்கு வருது. மலையில் நாம் போடுற பிளாஸ்டிக் நம்ம பக்கம்தான் இறங்கி வரும்!

பயணம் இனிதாகட்டும்!