காரை பூசினால் கசிவு நிற்காது

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு நம் குடியிருப்புகளில் எந்தத் தொகுப்பு வீட்டுக்குள் நுழைந்தாலும் தலை தானாக மேலே நிமிர்கிறது. கூரையில் மஞ்சளும் கறுப்புமாக ஈரத்திட்டுகள். ஒரு மூலையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அந்த மூலையை விட்டுத் தள்ளிப் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறார்கள். பொங்கலுக்கு முன் ஒரு சட்டி கலவையை அப்பி, மேலே வெள்ளையடித்துவிட்டால் வீடு புதுசாகத் தெரிகிறது. அடுத்த ஐப்பசியில் அதே இடம் மறுபடி விழுகிறது, இன்னும் கொஞ்சம் பெரிதாக.

“கட்டிக் கொடுத்த வீட்டைக் காப்பாற்றத் தெரியவில்லை” என்று ஊரில் சுலபமாகச் சொல்கிறார்கள். அந்த ஊர் வீடுகளுக்குப் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார்களிலும் கலவை சுமக்கும் சித்தாள்களிலும் நம் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும். வேலை தெரியாமல் நம் கூரை ஒழுகவில்லை.

இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் உரியதாகவே தொடங்கியது. வீட்டின் பரப்பு 20 சதுர மீட்டர், ஏறத்தாழ 215 சதுர அடி. பயனாளியே வீட்டைக் கட்ட வேண்டும், ஒப்பந்ததாரர் நுழையக் கூடாது என்பது விதி. உங்கள் தெருவில் யார் கட்டினார்கள் என்பதைத் தெருப் பெரியவர்களிடம் கேளுங்கள். எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எந்த மணலில் கலந்தார்கள், எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். இன்று விழும் காரையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

காரை ஏன் விழுகிறது?

கான்கிரீட் தளத்தில் கம்பிக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்காவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்தக் கனம் குறைந்தாலோ, கலவை சத்தில்லாமல் போனாலோ, மேலே தேங்கும் மழைநீர் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் அடியில் இருக்கும் கான்கிரீட்டையும் காரையையும் நெட்டித் தள்ளுகிறது. அந்த இடத்தில் புதுக் காரை பூசினாலும் உள்ளே துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

சுவரின் அடிப்பகுதி மட்டும் இரண்டு, மூன்றடி உயரத்துக்கு ஊறி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது வேறு சங்கதி. அங்கே தண்ணீர் மண்ணிலிருந்து ஏறுகிறது. வடிகால் இல்லாத தெரு, வீட்டை ஒட்டித் தேங்கும் சாக்கடை, பள்ளமாகப் பார்த்து ஒதுக்கப்பட்ட மனை ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அது செதில் செதிலாக உரியும். வடிகால் வந்தால்தான் அந்தச் சுவர் காயும்.

வேலையின் வரிசை

முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். தளம் உறுதியாக இருந்தால் மழை விட்டதும் மேலே ஏறிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, வடிகுழாயில் சருகு அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் விரிசல் ஓடுகிறதா, அரசஞ்செடி முளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். வெயில் காலத்திலும் ஈரம் காயவில்லை என்றால் சந்தேகம் குழாய் மேல்தான்.

மேலே ஒழுகுவதை அடைத்த பிறகே கீழே கை வைக்க வேண்டும். மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு, காரையை ஒரு கட்டையால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பொக்கென்று கேட்டால் அது எந்த நேரமும் விழும். பொக்கான பகுதி முழுவதையும், அதைச் சுற்றி ஒரு சாண் கூடுதலாகவும் கொத்தி எடுக்க வேண்டும். அப்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

பிறகு காயவிட வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். காய்ந்த பிறகு கம்பித் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, சிமெண்ட் பால் அடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்ற கலவையில் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீரைக் கலவையில் சேர்க்கவே கூடாது.

கம்பி இளைத்து அறுந்திருந்தால், அல்லது தளமே தொய்ந்திருந்தால், அது பூச்சு வேலைக்கு அடங்காது. அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டிய வீடு அது.

வெள்ளையடிப்பதற்கு முன்னால்

அரசுத் திட்டங்களில் 2000-01ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது நீக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. பழுது பார்க்க முடியாதவற்றுக்குப் பதில் புதிதாகக் கட்டித்தரும் முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் 2025இல் வந்தது. நம் தெருவில் எத்தனை வீடுகள் பட்டியலில் இருக்கின்றன, எத்தனை விடுபட்டன என்று கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. வாயால் கேட்டால் போதாது, தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இங்கேதான் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். கொத்துவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் தேதியோடு படம் எடுங்கள். வீடு எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டில், எவ்வளவு மதிப்பீட்டில் கட்டப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தனித்தனியாக மனு கொடுத்தால் “உங்கள் வீட்டுப் பராமரிப்பு சரியில்லை” என்று திருப்பி அனுப்புவது எளிது. ஒரே ஆண்டில், ஒரே கையால் கட்டப்பட்ட நாற்பது வீடுகளும் ஒரே மாதிரி ஒழுகுகின்றன என்று படங்களோடு ஒரே மனுவாகக் கொடுத்தால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. நாற்பது குடும்பமும் ஒரே நேரத்தில் பராமரிக்க மறந்தது என்று எந்த அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்?