எழுத்துரு இருக்கும் இடம் சொல்லும் கோப்பு

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையை நாமெல்லாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். அந்த ஆள் நான்தான் என்பது அறுபது வயதைத் தாண்டிய பிறகே எனக்குத் தெரிந்தது. கணினி சமாச்சாரம் பற்றி எழுத இந்தக் காகித வியாபாரிக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். பட்ட அனுபவம்தான் தகுதி. நம் சங்க மலரைப் படிக்கும் குடும்பங்களில் யாருக்காவது இது பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பெட்டி பெட்டியாய் வந்த ப்ரூஃப்

எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். மும்பைக்கு வந்தபோது அப்பா கொண்டுவந்தவற்றில் மூன்று நோட்டுப் புத்தகங்களும் உண்டு. தம் கைப்படப் பெயர்த்தெழுதிய ஸ்ரீபுராணம் அவற்றில் இருக்கிறது. அறுபத்து மூன்று சலாகா புருடர்களின் வரலாற்றைச் சொல்லும் ஜைன நூல் அது. நடை மணிப்பிரவாளம். அதாவது தமிழும் வடமொழியும் கலந்தது. வடசொற்களை அப்பா கிரந்த எழுத்தில் எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்தில் கிரந்தம் வாசிக்கத் தெரிந்தவர் இன்று இரண்டே பேர். நானும், ஊரில் இருக்கும் பெரியப்பா மகனும். நாங்கள் போய்விட்டால் அந்த நோட்டு ஊமையாகிவிடும். அதனால் கணினியில் ஏற்றி, குடும்பத்தாருக்கு மட்டுமாவது அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

யூனிகோடு தரத்தில் கிரந்தத்துக்குத் தனி இடம் கிடைத்தது 2014-இல், ஏழாம் பதிப்பில். அதற்கான எழுத்துருக்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய விண்டோஸ் கணினியில் ஒன்றை நிறுவி, கடையை மூடிய பிறகு இரவு இரவாகத் தட்டச்சு செய்து முடித்தேன். பிறகு கணினி பழுதாகி, வேறு பெட்டி வந்தது. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். பழைய கோப்புகளெல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். ப்ரூஃப் வந்தது. தமிழெல்லாம் சரி. கிரந்தம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டி!

அச்சகத்துக்காரரைப் போனில் பிடித்து, வயசுக்குத் தகாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஐயா, நீங்க அனுப்பின பைல்லயே பெட்டிதான் இருக்கு. திறந்து பாருங்க." பார்த்தேன். உண்மைதான்.

"பெட்டிக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தையே போட்டுவிடுங்களேன்" என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். அது முடியாது. ஒரு உதாரணம் போதும். 'கர்மபலம்' என்று தமிழில் எழுதினால் கர்மத்தின் வலிமையா, கர்மத்தின் விளைவா? வடமொழியில் இவை இரண்டும் வேறு வேறு 'ப'. கிரந்தத்தில் வேறு வேறு எழுத்து. எங்கள் சமயத்தில் கர்மக் கொள்கைதான் அஸ்திவாரம். அங்கே எழுத்தை மாற்றினால் பொருளே புரண்டுவிடும்.

இருக்கிறது, ஆனால் அகப்படவில்லை

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்துருக் கோப்பு என் கணினியிலேயே இருந்தது. இரண்டாவது டிஸ்க்கில் அதன்மேல் இருமுறை சொடுக்கினால் கிரந்த எழுத்துகள் அழகாகத் திரையில் வந்தன. ஆனால் எழுதும் மென்பொருளின் எழுத்துருப் பட்டியலில் அதன் பெயர் இல்லை.

விடுமுறைக்கு வந்த பேத்தியிடம் முறையிட்டேன். அவள் பொறியியல் படிக்கிறாள். "தாத்தா, உங்க கடைல புதுசா சேர்ந்த பையன்கிட்ட ஒரு சரக்கு கேட்டா எங்கே தேடுவான்?" என்றாள். "நாம் காட்டிக் கொடுத்த அலமாரியில்தான் தேடுவான்" என்றேன். "கிடங்குல இருந்தா?" "கிடங்கு இருப்பதையே சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?" "அவ்வளவுதான் தாத்தா விஷயம்" என்று முடித்துவிட்டாள். மற்றதை நானே படித்தும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டேன்.

லினக்ஸில் எழுதும் மென்பொருள்கள் பெரும்பாலும் எழுத்துருவைத் தாமாகத் தேடுவதில்லை. அந்த வேலைக்கென்று பொதுவாக ஒரு மென்பொருள் நூலகம் இருக்கிறது. பெயர் ஃபாண்ட்கான்ஃபிக். இதை உருவாக்கியவர் கீத் பேக்கர்ட் என்ற அமெரிக்கர். இங்கே நூலகம் என்றால் புத்தகசாலை அல்ல. பல மென்பொருள்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் பொதுப் பணியாள் என்று கொள்ளுங்கள்.

இந்தப் பணியாளிடம் ஒரு குணம். கேட்ட எழுத்துரு இல்லை என்றால் இல்லை என்று சொல்லாது. கிட்டத்தட்ட ஒத்துவரும் வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிடும். தமிழ் எழுத்துக்கு அப்படி மாற்று கிடைத்தது. அதனால் தமிழ் சரியாக வந்தது. கிரந்தம் தெரிந்த எழுத்துரு அதன் அலமாரிகளில் ஒன்றுகூட இல்லை. அப்போது திரையில் விழுவதுதான் வெற்றுப் பெட்டி. இந்தப் பெட்டிக்குக் கணினிக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் டோஃபு. 'டோஃபு வேண்டாம்' என்ற பொருளில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது.

எங்கே தேடு என்று சொல்வது

தேட வேண்டிய இடங்களை இந்த நூலகம் ஒரு அமைவுக் கோப்பிலிருந்து தெரிந்துகொள்கிறது. ஃபாண்ட்ஸ்.கான்ஃப் என்று பெயர். வெறும் எழுத்தால் ஆன சாதாரணக் கோப்புதான். கணினி முழுவதற்குமான பொதுக் கோப்பு ஈடிசி என்ற அடைவுக்குள் ஃபாண்ட்ஸ் என்ற உள்ளடைவில் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அது மாற்றி எழுதப்படலாம். நாம் எழுதியது போய்விடும்.

நமக்கென்று தனிக் கோப்பு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நம் வீட்டு அடைவில், பெயரின் முன்னால் புள்ளி வைத்த கான்ஃபிக் என்ற அடைவு இருக்கும். புள்ளியில் தொடங்குவதால் அது கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோல் விசையோடு ஹெச் விசையை அழுத்தினால் பல கணினிகளில் தெரியும். அதற்குள் ஃபாண்ட்கான்ஃபிக் என்று ஓர் அடைவு உண்டாக்கி, அதில் ஃபாண்ட்ஸ்.கான்ஃப் என்ற கோப்பை வைக்க வேண்டும்.

அந்தக் கோப்பு எக்ஸ்எம்எல் முறையில் அமைந்தது. திறக்கும் குறிச்சொல் ஒன்று, மூடும் குறிச்சொல் ஒன்று. முழுவதையும் ஃபாண்ட்கான்ஃபிக் என்ற சொல் திறந்து மூடும். அதற்குள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. டி, ஐ, ஆர் என்ற மூன்று சிறிய எழுத்துகளைக் கோண அடைப்புக்குள் இட்டு, பிறகு அடைவின் முகவரி, பிறகு அதே மூன்று எழுத்தைச் சாய்கோட்டோடு கோண அடைப்பில் இட்டு மூடுதல். முகவரியில் ~ என்ற அலைக்குறி போட்டால் நம் வீட்டு அடைவு என்று பொருள். என் கோப்பில் முகவரி இப்படி இருக்கிறது: ~/நூற்பணி/எழுத்துரு. அந்த அடைவுக்குள் இருக்கும் உள்ளடைவுகளையும் நூலகம் தானே புகுந்து பார்த்துவிடும்; தனித்தனியாக எழுத வேண்டாம்.

கடையில் இருப்புப் பதிவேடு வைப்போமே, அதுபோல நூலகமும் தான் கண்ட எழுத்துருக்களுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்கிறது. அதைப் புதுப்பிக்க முனையத்தில் எஃப்சி-கேச் என்ற கட்டளை. என்னென்ன கிடைத்தன என்று பார்க்க எஃப்சி-லிஸ்ட். ஒரு பெயரைக் கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கும் என்று சோதிக்க எஃப்சி-மேட்ச். முன்பே திறந்து வைத்திருக்கும் மென்பொருளை ஒருமுறை மூடித் திறப்பது நல்லது.

நான் செய்த இரண்டு பிழைகள்

முதல் பிழை, மூடும் குறிச்சொல்லில் சாய்கோட்டை விட்டுவிட்டேன். எழுதும் மென்பொருள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முனையத்தில் எஃப்சி-லிஸ்ட் கொடுத்தபோதுதான், எத்தனையாவது வரியில் பிழை என்று அது காட்டிக் கொடுத்தது. ஆகவே கோப்பை மாற்றியதும் முதலில் முனையத்தில் சோதியுங்கள்.

இரண்டாவது பிழை பெரிது. முதலில் நான் கொடுத்த முகவரி இரண்டாவது டிஸ்க்கில் இருந்த அடைவு. அன்றைக்கு எல்லாம் சரியாக வந்தது. மறுநாள் காலை கணினியைத் திறந்தால் மறுபடியும் பெட்டி! காரணம், என் கணினியில் அந்த டிஸ்க் தானாக இணைவதில்லை. நான் அதன்மேல் சொடுக்கிய பிறகே இணையும். பூட்டிய கிடங்கின் முகவரியைக் கொடுத்தால் பையன் என்ன செய்வான்? பென் டிரைவுக்கும் இதே கதிதான். அதனால் எழுத்துருவை வீட்டு அடைவுக்குள், நூலின் கோப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

ஒன்றிரண்டு எழுத்துரு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. நூலகம் இயல்பாகத் தேடும் அடைவு ஒன்று வீட்டு அடைவுக்குள்ளேயே உண்டு. புள்ளி வைத்த லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபாண்ட்ஸ். அங்கே நகல் போட்டாலே போதும். நான் கோப்பு வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நூற்பணி என்ற ஒரே அடைவை நகலெடுத்தால் நூலும் எழுத்துருவும் சேர்ந்தே போகும். எனக்குப் பின் அதைத் திறப்பவர் எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம்.

நம் வீடுகளில்

பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்தவை பல வீடுகளில் இருக்கும். குலதெய்வ வரலாறு, கல்யாணப் பத்திரிகை, பெரியவர்களின் கவிதை என்று எத்தனையோ. அவற்றில் பல யூனிகோடுக்கு முந்திய குறியேற்றத்தில் இருக்கலாம். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய குறியேற்றத்தில் அடித்தவை, அதற்குரிய எழுத்துரு அகப்படாவிட்டால் பெட்டியாகக்கூட வராது. புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். குப்பை என்று நினைத்துப் பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். அந்த எழுத்துருக் கோப்பைக் கோப்போடு சேர்த்து வையுங்கள். முடிந்தபோது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பிடிஎஃப் மறுபடி எடுத்தேன். சரியாக எடுத்த பிடிஎஃப்பில் எழுத்துருவும் உள்ளேயே பதிந்துவிடுவதால் அச்சகத்தில் அது தனியாக இருக்க வேண்டியதில்லை. அச்சகத்துக்காரரை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஐயா" என்று டீ வரவழைத்தார். முதல் பிரதியை ஊருக்கு அனுப்பினேன். பெரியப்பா மகன் போனில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "தம்பி, இது சித்தப்பா செய்த பிழையா, நீ செய்த பிழையா?" என்று கேட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் பிழைதான். எழுத்து தெரிந்ததால்தானே பிழையும் தெரிந்தது! அடுத்த பதிப்பில் திருத்திவிடுவேன்.