கடலில் எழுந்த மானக்குரல்

செங்கோல் என்கின்றோம், கொடுங்கோல் என்கின்றோம். இரண்டிலும் உள்ளது கோலே. அது முறைமையின் அடையாளமாய் நிற்பதும் மாந்தரின் முதுகில் வீழ்வதும் ஏந்துவோரின் மனத்தைப் பொறுத்தன. 1910 ஆம் ஆண்டிலே பிறேசில் நாட்டு மாலுமிகள் இவ்வுண்மையைத் தம் ஆட்சியாளர்க்கு உணர்த்தினர்.

பிறேசிலில் அடிமைமுறை 1888 இல் ஒழிந்தது. அடுத்த ஆண்டு குடியரசு தோன்றியபோது கடற்படையிற் கசையடியும் விலக்கப்பட்டது. ஆயினும் 1890 இல் அது மீண்டும் புகுந்தது. அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். மாலுமிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஆவர். சட்டத்தில் நீங்கிய அடிமைத்தனம் கப்பலின் மேற்றளத்தில் நிலைத்திருந்தது.

1910 நவம்பரிலே, கோப்ரல் ஒருவரைக் காயப்படுத்திய மார்செலினோ என்னும் மாலுமிக்கு 250 கசையடிகள் விதிக்கப்பட்டன. விதி வகுத்த எல்லையோ 25. ஏனைய மாலுமிகள் அணிவகுத்து நின்று அதனைக் காண வேண்டியதாயிற்று. 22 ஆம் நாளிரவு, அக்காலத் தலைநகராகிய றியோ டி ஜெனெய்றோவின் துறைமுகத்திலே ‘மினாஸ் ஜெறாய்ஸ்’ என்னும் பெரும்போர்க்கப்பலும் வேறு மூன்று கப்பல்களும் மாலுமிகள் வசமாயின. கப்பற்றலைவர் உட்படச் சிலர் மாண்டனர். பீரங்கிகள் நகரை நோக்கித் திரும்பின.

தலைமை தாங்கியவர் ஜுவாவ் கன்டிடோ. அடிமைகளாய் வாழ்ந்த பெற்றோரின் மைந்தர். கசையடி ஒழிக, ஊதியம் உயர்க, கல்வி தருக என்பனவே அவர்கள் வேண்டியவை. அஞ்சிய அரசு நான்கு நாள்களுள் இணங்கிப் பொதுமன்னிப்பும் வழங்கியது. அதனை நம்பி மாலுமிகள் கப்பல்களை ஒப்படைத்தனர்.

இரண்டு நாள் கழியுமுன், மாலுமிகளை விரும்பியவாறு பணிநீக்கஞ் செய்ய இடமளிக்கும் ஆணை பிறந்தது. டிசம்பரில் வேறொரு கிளர்ச்சியைக் காரணங்காட்டிப் பலர் சிறைப்பட்டனர். பாம்புத் தீவின் நிலவறை ஒன்றில் 18 பேர் அடைக்கப்பட்டனர்; அங்கே இடப்பட்டிருந்த சுண்ணாம்பு மூச்சைத் திணறடிக்க, 16 பேர் இறந்தனர். உயிர்தப்பிய இருவருள் கன்டிடோ ஒருவர். 1912 இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தபோதும் கடற்படை ஏற்கவில்லை. மீன்விற்று வாழ்ந்த அவர் 1969 இல் வறுமையில் மறைந்தார். சட்டம் அவர்க்கு மீண்டும் மன்னிப்பு வழங்கியது 2008 இலே.

கசையடி ஒழிந்தது, கொடுத்த வாக்கோ காக்கப்படவில்லை. அச்சத்தால் ஆள்பவர் நீதியையும் அச்சத்தாலேயே வழங்குவர். அச்சம் நீங்கவே அந்நீதியும் நீங்கும். வகுப்பறையிற் கோலேந்தும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.