மண்ணில் முடங்கிய மணிச்சத்தை மீட்கும் பாக்டீரியா

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல் விளைகிறது. நவரையோ, சொர்ணவாரியோ, சம்பாவோ, மண் பரிசோதனை செய்யாமலேயே ஒவ்வொரு பட்டத்துக்கும் டி.ஏ.பி., இடுகிறீர்களா? அப்படியானால் உங்கள் பணத்தில் ஒரு பகுதி மண்ணிலேயே முடங்கிக் கிடக்கிறது.

இடும் மணிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பட்டத்துப் பயிருக்குக் கிடைப்பதில்லை. கார மண்ணில் சுண்ணாம்புச் சத்துடனும், அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்துடனும் சேர்ந்து இறுகிவிடும்.

மணிச்சத்து எதற்கு?

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், தன் டி.என்.ஏ.,வை நகல் எடுக்க வேண்டும். அதற்கான செங்கற்களே நியூக்ளியோடைடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை, ஒரு காரம், மணிச்சத்தான பாஸ்பேட் ஆகியவை உண்டு. மணிச்சத்து குறைந்தால் செல்கள் பெருகாது, வேர் பரவாது, தூர் குறையும்.

நொதிகளின் வேலை

தொழுவுரம், மட்கிய தழை, இறந்த நுண்ணுயிர்கள் அனைத்திலும் பழைய டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., இருக்கும். மண் பாக்டீரியாக்கள் சுரக்கும் நியூக்ளியேஸ் என்ற நொதி, இவற்றைத் துண்டாக்கும். பாஸ்பட்டேஸ் நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கும். அதை வேர்களும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் பகுதியை பாக்டீரியா உள்ளிழுத்து, கைனேஸ் நொதியால் மீண்டும் பாஸ்பேட் சேர்த்து, தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்தும். பழைய வீட்டைப் பிரித்த செங்கல்லில் புது வீடு கட்டுவது போலத்தான்.

பாஸ்போபாக்டீரியா இதோடு அங்கக அமிலங்களையும் சுரந்து, இறுகிய மணிச்சத்தைக் கரைக்கிறது.

எப்படி இடுவது?

ஏக்கருக்கு 4 பாக்கெட் (800 கிராம்) பாஸ்போபாக்டீரியாவை, 10 கிலோ மட்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணுடன் கலந்து, நடவுக்கு முன் வயலில் சீராகத் தூவுங்கள். தொழுவுரம் இல்லாத மண்ணில் நுண்ணுயிர்களுக்கு உணவு குறையும்.

பாக்கெட்டை வெயிலில் வைக்காதீர்கள். காலாவதி தேதி பாருங்கள். ரசாயன உரம், பூச்சிக்கொல்லியுடன் கலக்கக் கூடாது. விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்திருந்தால், 24 மணி நேரம் கழித்தே உயிர் உர நேர்த்தி செய்யுங்கள். கன உலோகங்கள் கலந்த கழிவுநீர், மண் நொதிகளின் செயல்பாட்டைக் குறைக்கும். ஏரி நீரின் நிறமோ, வாடையோ மாறினால் நீரைப் பரிசோதியுங்கள்.

டி.ஏ.பி.,யை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மண் பரிசோதனை முடிவைப் பார்த்து, பரிந்துரைக்கும் அளவு மட்டும் இடுங்கள். உயிர் உரத்துக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம்.