டேகெயார் திறந்தது எப்ப?

புரோசார்டில டேகெயார் எப்ப திரும்பத் திறந்தது எண்டு கேட்டால், 2020 யூன் 1 எண்டுதான் சொல்லுவினம். மற்ற கியூபெக் ஊர்களில மே 11. மொன்றியல் பெருநகரத்துக்கு மே 19, பிறகு 25, பிறகு யூன் எண்டு தள்ளிக்கொண்டே போச்சுது.

உண்மையில டேகெயார் முழுசாய் மூடுப்படவேயில்லை. மார்ச் 16இல இருந்தே தாதிமார் மாதிரி அத்தியாவசிய வேலைக்காரரின்ர பிள்ளையளுக்காக அவசரகால டேகெயார்கள் இயங்கினது, அதுவும் இலவசமாய். ஒண்டரை வயசுப் பிள்ளையோட இரண்டு மீற்றர் இடைவெளி வைக்க ஏலுமோ, சொல்லுங்கோ?

முதல்வர் லெகோ மருத்துவ ஊழியர்களைக் "காவல் தேவதைகள்" எண்டார். சரிதான். ஆனால் அந்தத் தேவதைகள் வேலைக்குப் போனது, பிள்ளையைப் பார்க்க இன்னொருத்தி முதலே வேலைக்கு வந்ததாலதான். 2021 கடைசியில அவையள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவை. பெற்றோருக்குக் கரைச்சல்தான், ஆனால் கேட்டது நியாயம்.

நீங்கள் என்ன நினைக்கிறியள்?